கை நனைக்காத மத்தியஸ்தர்

ஒரு குடும்பத்தைப் பிரிப்பதற்குச் சூழ்ச்சியோ வில்லத்தனமோ வேண்டியதில்லை. நல்லெண்ணமும் நாலு வாரப் பயிற்சியும் போதும். அனுபவத்தில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், நாற்பத்தைந்தைத் தாண்டிய கையோடு, சமூகத்துக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்று எனக்குத் திடீரென்று தோன்றியது. (அந்த வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும். எனக்கு இது வந்தது.) ராசிபுரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதால், கேட்டே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்கள் யாராவது அகப்படுவார்களா என்று தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சேலத்தில் சனி, ஞாயிறுகளில் மீடியேஷன் பயிற்சி நடப்பதாகத் தெரியவந்தது.

சண்டை போட்டுக்கொண்ட குடும்பங்கள் கோர்ட்டு வாசலை மிதிக்காமல், நோட்டீஸ் விட்டுக்கொள்ளாமல், ஒரு பொது ஆளை நடுவில் வைத்துக்கொண்டு தாங்களே பேசி ஒரு முடிவுக்கு வருவது. நடுவில் இருப்பவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. யார் பக்கமும் சாயக் கூடாது. எந்தத் தரப்பிடமிருந்தும் எதையும் பெற்றுக்கொள்ளக் கூடாது. தனியாகச் சந்தித்தபோது ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லக் கூடாது. பேசுகிறவர் சொல்வதையே நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, 'நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்று உணர்த்த வேண்டும். எல்லாவற்றையும் அடிக்கோடிட்டு உருப்போட்டேன்.

பயிற்சியாளர் இன்னொன்றும் சொன்னாராம், சொந்தக்காரர்கள் விவகாரத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள் என்று. அதை அவர் சொன்ன சமயம் நான் வெளியே போண்டா வரிசையில் நின்றிருந்தேன்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய ஆணியின் சூடு ஆறுவதற்குள் முதல் வழக்கு வந்து விழுந்தது. என் மனைவி ஈஸ்வரியின் அண்ணன் குழந்தைவேலுக்குப் புதுச்சத்திரம் பக்கத்தில் கோழிப்பண்ணை. அவருடைய ஒரே மகள் மேகலா, நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவள். அவளை ஜேடர்பாளையத்தில் பிரபு என்ற பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிரபு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் பங்குதாரர். வண்டியோடு சத்தீஸ்கருக்கோ மத்தியப் பிரதேசத்துக்கோ போனால் மாதக்கணக்கில் அங்கேயேதான். கல்யாணத்துக்குப் பிறகு மேகலா வேலையை விட்டாள், கணவன் வடக்கே போனான், அவள் மாமனார் மாமியாரோடு இருந்தாள். ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். நாலு மாதமாகக் கணவனும் மனைவியும் போனில்கூடப் பேசவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வக்கீலைப் பார்த்துவிட்டார்கள். யார் முதலில் நோட்டீஸ் விடுவது என்பது மட்டும்தான் பாக்கி.

"கோர்ட்டு வேண்டாம் மச்சான்," என்றேன். "நான் இருக்கிறேன்."

இதற்கு மேல் ஒரு தகுதி வேண்டுமா? மேகலாவுக்கு நான் அத்தை வீட்டுக்காரர், ஆகவே மாமா. பிரபுவுக்கு முறைப்படி சித்தப்பா. ஒரே ஆள் இரண்டு பக்கமும் உறவு. நடுநிலை என்பது எனக்குப் பிறவியிலேயே அமைந்திருப்பதாக அன்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, தோள்பை, பைக்குள் நீல மூடி போட்ட தண்ணீர் பாட்டில். முதலில் புதுச்சத்திரம்.

"வாங்க மாப்பிள்ளை. ஏனுங்க இந்த வெயில்ல? உக்காருங்க மொதல்ல," என்று மச்சான் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார்.

அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, முட்டை தோசை ஊத்தட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம். எந்தத் தரப்பிடமும் எதையும் பெற்றுக்கொள்ள எனக்கு அனுமதியில்லை."

"தரப்புன்னா யாருங்ணா?"

"நீங்கள்தான்."

அந்த அம்மா தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றார். இருபது வருடமாக எனக்கு முட்டை தோசை ஊற்றிக்கொடுத்தவர். அன்றைக்குத்தான் தான் ஒரு தரப்பு என்று தெரிந்துகொண்டார்.

மேகலாவைத் தனியாகச் சந்தித்தேன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஓட்டிய பெண். ஆனால் சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு மரியாதையான தூரம் வேண்டும் என்று பாடம்.

"சொல்லுங்கள். உங்கள் பார்வையில் பிரச்சினை என்ன?"

(எங்கள் பக்கத்தில் கைக்குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்றுதான் கொஞ்சுவோம். அது வேறு. இது தாசில்தார் மரியாதை.)

"என்னங்க மாமா, 'உங்கள்'ங்கறீங்க?" அவள் முகம் சுருங்கியது. இருந்தாலும் சொன்னாள். "அவரு ஊட்டுக்கு வர்றதே விருந்தாளியாட்டங்க. நாலு நாள் இருப்பாரு, போயிருவாரு. எப்ப வாராரு, எப்பப் போறாரு, எல்லாம் அவங்க அம்மாவுக்குத்தான் தெரியும். எனக்குப் பக்கத்து ஊட்டுல சொல்லித்தான் தெரியும். அந்த ஊட்டுல நான் யாருன்னே எனக்குத் தெரியலீங்க மாமா."

எந்த மனிதனும் அந்த இடத்தில் "அழாத கண்ணு" என்று சொல்லியிருப்பான். நான் படித்தவன். "நீங்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன்," என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போனாள். ஆழ்ந்த சிந்தனைக்குப் போகிறாள் என்று நினைத்து மகிழ்ந்தேன்.

நான் வண்டியைக் கிளப்பிய மறுநிமிடம் மச்சான் தங்கைக்குப் போன் போட்டிருக்கிறார். "ஈஸ்வரி, மாப்பிள்ளைக்கு எங்க மேல என்ன வருத்தம்? மாரியம்மன் நோம்பிக்கு நேர்ல வந்து கூப்புடலைன்னா?"

"வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. கோர்ஸ் முடிச்சிருக்காரு," என்றாளாம் என் மனைவி.

ஜேடர்பாளையம் போய்ச் சேரும்போது நல்ல பசி. காவிரியில் தடுப்பணை இருக்கிற ஊர். ஊருக்குள் நுழைகிறபோதே மீன் வறுக்கிற வாசனை காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. பிரபுவின் வீட்டில் அதே வாசனை இன்னும் நெருக்கமாக வந்தது.

பிரபு எனக்காகவே ராய்ப்பூரிலிருந்து ரயிலேறி வந்திருந்தான். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க சித்தப்பா. நான் ஒண்ணு சொல்லணுமுங்க, இந்த ரிக்கு விசயமா..." என்று ஆரம்பித்தான்.

கையை உயர்த்தினேன். "ஒருவர் பின் ஒருவராகத்தான் பேச வேண்டும். உங்கள் முறை வரும்."

அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவன் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க தம்பி, பேச்சு எங்க போயிரப் போகுது? மொதல்ல சாப்புடுங்க. இன்னைக்கு அணையில புடிச்ச கெளுத்திங்க. உங்களுக்குப் புடிக்கும்னு பிரபு சொன்னான்."

என் நாக்கு அந்தக் கணமே ஒரு தரப்பின் பக்கம் சாய்ந்துவிட்டது. பெரும்பாடுபட்டு இழுத்து நேராக்கினேன். "மன்னிக்கவும். சாப்பிட இயலாது."

"காப்பியாச்சும்?"

"இயலாது."

"அட, ஒரு வாய் தண்ணியாச்சும் குடிங்க தம்பி." செம்பை நீட்டினார்.

நான் தோள்பையைத் திறந்தேன். நீல மூடியைத் திருகினேன். "நன்றி. என்னிடமே இருக்கிறது," என்று சொல்லி, காவிரிக்கரை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து, ராசிபுரத்துத் தண்ணீரைக் குடித்தேன். (ராசிபுரத்தில் குடிதண்ணீர் எப்போது வரும் என்பது வானிலை ஆய்வுக்கு நிகரான துறை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து காவிரிக்குத் தண்ணீர் சுமந்து போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.)

அந்த அம்மாவின் கையில் செம்பு நீட்டியபடியே நின்றது.

இந்த இடத்தில், வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சுக்குப் போனால், பேச்சு முடிவாகும் வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். சாப்பிட்டுக் கை கழுவினால் சம்பந்தம் உறுதி. ஏற்கெனவே சம்பந்தியான வீட்டில் போய், நீட்டிய தண்ணீரையும் தொடாமல் வந்தால் அதற்கும் பொருள் ஒன்றுதான், உறவு அறுந்தது. இதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டியதில்லை. செம்பு நின்ற இடத்திலேயே சேதி போய்ச் சேர்ந்துவிடும். இது எனக்குத் தெரியாததல்ல. நாற்பத்தைந்து வருடமாகத் தெரிந்திருந்ததை நாலே வாரத்தில் மறந்திருந்தேன்.

பிரபுவின் அப்பா முத்துசாமி அதுவரை மேல்சட்டையில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெல்ல எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் இருக்கிற பெரியவர் சட்டை மாட்டுகிறார் என்றால் விஷயம் வீட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். நான் அதை, கலந்துரையாடலுக்கு அவர் தரும் மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

பிரபுவின் அம்மா செம்பைத் தரையில் வைத்தார். "அப்பப் பொண்ணூட்டுல முடிச்சுக்கறதுன்னே சொல்லி உட்டுட்டாங்களா தம்பி?"

இதோ என் பாடம் வந்துவிட்டது. சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "அவர்கள் முடித்துக்கொள்ள நினைப்பதாக நீங்கள் உணர்கிறீர்கள்."

"பின்ன? வேதனையா இருக்காதுங்களா?"

"வேதனையாக இருக்கிறது. புரிகிறது."

அந்த அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டாரு!" அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சித்தப்பா..." என்றான் பிரபு.

"உங்கள் முறை வரும்," என்றேன்.

முத்துசாமி என் எதிரே வந்து நின்றார். "சரிங்க புரபசர். சொல்ல வந்ததச் சொல்லிட்டீங்க. செய்ய வேண்டியத நாங்க செஞ்சுக்கறோம்."

பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொள்கிறார்கள்! பயிற்சியில் இதைத்தான் வெற்றியின் முதல் அறிகுறி என்றார்கள். கைகூப்பி விடைபெற்றேன். திரும்பும் வழியில் பரமத்தி வேலூரில் ஒரு கடையில் நிறுத்தி, எந்தத் தரப்பையும் சேராத புரோட்டாவைப் பெருமிதத்தோடு சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் மச்சான் போன்.

"என்னங்க மாப்பிள்ளை சொன்னாங்க?"

"அதைச் சொல்ல முடியாது மச்சான்."

"சொல்ல முடியாத அளவுக்குங்களா?"

"ஒரு வார்த்தைகூட வெளியே விட முடியாது. விதி அப்படி."

கோழிகளின் கூச்சலுக்கு நடுவே, தயக்கத்தோடு, "அங்க சாப்டீங்களா?" என்றார்.

"தண்ணிகூடக் குடிக்கவில்லை," என்றேன், பரிசு வாங்கிய பையனின் குரலில்.

"சரி, வெச்சர்றனுங்க."

ஈஸ்வரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அண்ணங் கொரலு ஏன் அப்புடி ஆச்சு? என்ன சொன்னீங்க?"

"ஒன்றுமே சொல்லவில்லை."

"அவங்க ஊட்டுலயும் ஒண்ணுமே சொல்லலியா?"

"அவர்கள் சொன்னதைத்தான் நான் சொன்னேன்."

அவள் பாட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நீங்க காலேஜ்ல பாடம் நடத்தறதோட நிறுத்தியிருக்கலாங்க. அங்க பசங்க தூங்கறதோட போயிரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை மச்சானிடமிருந்து மறுபடி போன். குரலில் 'மாப்பிள்ளை' இல்லை. "கெளம்பி வாங்க. நீங்க ஆரம்பிச்சது, நீங்களே பாருங்க."

நானும் ஈஸ்வரியும் போய்ச் சேர்ந்தபோது, பண்ணை வாசலில் ஒரு மினி லாரி நின்றிருந்தது. அதன் மேல் மேகலாவின் கல்யாணச் சீர் முழுவதும் இருந்தது. தேக்குக் கட்டில், கிரைண்டர், பித்தளை அண்டா, குத்துவிளக்கு, எல்லாவற்றுக்கும் நடுவில் நைலான் கயிற்றால் கட்டிப் படுக்க வைத்த ஸ்டீல் பீரோ. சீரைத் திருப்பி அனுப்புவது என்றால், அதற்கப்புறம் கோர்ட்டு செய்ய வேண்டியது காகித வேலை மட்டும்தான். தேசிய நெடுஞ்சாலையில் எல்லாரும் பார்க்க ஊர்வலமாக வந்திருக்கிறது. பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக நின்று பார்த்தார்கள்.

முத்துசாமி முன்பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கவில்லை. மச்சான் தன் வாசலைத் தாண்டவில்லை. பிரபு மட்டும் லாரியின் மேல் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

டிரைவர் கேட்டார். "எங்கீங்க எறக்கறது?"

நான் தொண்டையைச் செருமினேன். ஈஸ்வரி என் முழங்கையைக் கிள்ளினாள். (அந்தத் தடம் ஒரு வாரம் இருந்தது.)

மேகலா வெளியே வந்தாள். நேராக லாரியின் பக்கம் போய் நின்று, நாலு மாதத்தில் முதல் தடவையாகத் தன் கணவனோடு பேசினாள்.

"பீரோவ ஏன் படுக்க வெச்சுக் கட்டியிருக்கீங்க? கண்ணாடி இருக்குதல்ல அதுல?"

"நிக்க வெச்சா கயிறு நிக்காது," என்றான் பிரபு.

"மெத்தைய அடியில போட்டிருக்கலாமல்ல?"

"போட்டிருக்குது. குனிஞ்சு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். மெத்தை இருந்தது. அதில் கொஞ்சம் சுருதி இறங்கியது. "இதையெல்லாம் யாரு கேட்டா இப்ப?"

"நீங்கதான முடிச்சுக்கறதாச் சொல்லி உட்டீங்க. உங்க மாமா வந்து எங்கம்மா நீட்டுன தண்ணியத் தொடலியே."

"எங்க மாமாவா? இங்க மட்டும் தொட்டாரா? தோசை வேண்டாம்னு எந்திரிச்சுப் போனாரு. அவரு உங்க பக்கம் போயிட்டாருன்னு அப்பா ராத்திரி பூரா பொலம்பிட்டுக் கெடந்தாரு."

"எங்கூட்டுல பைக்குள்ள இருந்து சொந்தத் தண்ணிய எடுத்துக் குடிச்சாருங்கறேன்!"

"சொந்தத் தண்ணியா?"

"பாட்டில்ல. நீல மூடி."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பாட்டில் என் கையில் இருந்தது. பழக்கதோஷம்.

முத்துசாமி லாரியிலிருந்து இறங்கினார். "ஏனுங்க சம்மந்தி, அப்ப நீங்க சொல்லி உடலீங்களா?"

"நான் ஏனுங்க அப்புடிச் சொல்றேன்? நீங்க வெளிய சொல்ல முடியாதபடி என்னமோ பேசினீங்கன்னு எங்க தங்கச்சி மாப்பிள்ளைதான்..."

"நாங்க எங்கீங்க பேசினோம்? எங்களப் பேசவே உடலியே அவரு!"

"ஆகவே, இரு தரப்புக்கும் இடையே ஒரு தகவல் இடைவெளி..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சும்மா இருங்க!" என்றன ஐந்தாறு குரல்கள். அதில் ஒன்று என் மனைவியுடையது. இன்னொன்று லாரி டிரைவருடையது.

பிரபு லாரியிலிருந்து குதித்தான். "நான் சொல்ல வந்ததே வேற. நேத்தே சொல்லியிருப்பேன். உங்க முறை வரும், வரும்னாரு. வரவேயில்ல."

"இப்பச் சொல்லுங்க," என்றாள் மேகலா.

"ரிக்கு கூட இந்த வருசம் பார்ட்னர் தம்பி போறான். நான் திருச்செங்கோட்டு ஆபீசப் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். இனி இங்கதான் இருப்பேன்."

படமாக இருந்தால் இந்த இடத்தில் அவள் ஓடி வந்திருப்பாள். மேகலா ஓடவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, குரலில் இல்லை.

"எப்ப முடிவு பண்ணினீங்க?"

"போன மாசம்."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் லாரியின் கயிற்றை இழுத்துச் சரிபார்த்தான்.

"தெரியும். பார்ட்னருக்குத் தெரியும். அவன் தம்பிக்குத் தெரியும். இப்ப இந்த லாரிக்கார அண்ணனுக்கும் தெரிஞ்சுபோச்சு. கடைசியா எனக்கு. நான் ரிக்க உடுங்கன்னு ஒரு நாளாச்சும் கேட்டனா? எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கேட்டுட்டுப் பண்ணுங்கன்னுதான் கேட்டேன். நல்லதப் பண்ணும்போதுகூட அதைப் பண்ணத் தெரியல உங்களுக்கு."

நேற்று அவள் என்னிடம் சொன்னதும் இதையேதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அதைத் திருப்பிச் சொன்னேனே தவிர, கேட்கவில்லை. பிரபு கேட்டான் என்பது அவன் நின்ற விதத்தில் தெரிந்தது. தலையை ஆட்டினான்.

டிரைவர் பொறுமையிழந்தார். "எறக்கறதுங்களா, வேண்டாமுங்களா? நான் இன்னொரு லோடுக்குப் போகோணும்."

"எறக்க வேண்டாமுங்கண்ணா," என்றாள் மேகலா. எல்லார் முகத்திலும் வெளிச்சம் வருவதைப் பார்த்துவிட்டு உடனே சேர்த்துக்கொண்டாள். "நான் வந்தர்றேன்னு அர்த்தமில்ல. அது எம்பட பீரோ. எங்க இருக்கோணும்னு நாஞ் சொல்றேன். அதுவரைக்கும் எங்க இருந்துச்சோ அங்க இருக்கட்டும். நிக்க வெச்சு."

வந்த சரக்கோடேயே லாரி திரும்பிப் போனது. இரண்டு வக்கீல்களுக்கும் அன்றே போன் போயிற்று, கொஞ்சம் பொறுங்கள் என்று.

அதற்கப்புறம் மேகலாவே சேலத்தில் ஒரு பெண் வக்கீலைக் கண்டுபிடித்தாள். கோர்ட்டில் வாதாடுவதைக் குறைத்துக்கொண்டு, குடும்பத் தகராறுகளைத் தனியாக உட்கார்ந்து பேசித் தீர்த்துவைப்பதே வேலையாக இருப்பவர். யாருக்கும் எந்த வகையிலும் சொந்தமில்லை என்பதை மேகலா இரண்டு தடவை விசாரித்து உறுதி செய்துகொண்டாள். இரண்டு குடும்பமும் ஒப்புக்கொண்டன. எனக்குக் கார் ஓட்டுகிற பொறுப்பு தரப்பட்டது. மாடியில் பேச்சு நடந்தபோதெல்லாம் நான் கீழே பேக்கரியில் தேங்காய் பன்னோடு நடுநிலை காத்தேன்.

முதல் நாள் மச்சான் ஒரு பெட்டி மைசூர்பாகும் சம்பந்தி ஒரு சீப்பு ரஸ்தாளியும் கொண்டு போயிருக்கிறார்கள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே இதில் ஒரு துண்டு, அதில் ஒரு பழம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எல்லாருக்கும் சுற்றிக் கொடுத்தாராம். ஈஸ்வரி என் சார்பில், "நீங்க எதுவும் வாங்கிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்களேங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஒரு பக்கம் மட்டும் வாங்கினாத்தான் தப்பு," என்றாராம் அவர். "ரெண்டு பக்கமும் சமமாச் சாப்ட்டா அதுவும் நடுநிலைதானே?"

என் சான்றிதழை அன்று மாலையே சுவரிலிருந்து இறக்கினேன். (ஆணி இன்னும் இருக்கிறது. குடை மாட்டுகிறோம்.)

பெரியவர்களையெல்லாம் வெளியே உட்கார வைத்துவிட்டு, மேகலாவிடமும் பிரபுவிடமும் அவர் முதலில் கேட்ட கேள்வி இது. "எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவாயில்லை. நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போற விஷயம் ஒண்ணு சொல்லுங்க."

ரொம்ப நேரம் யோசித்தார்களாம். பிறகு இரண்டு பேரும் ஒரே மூச்சில், "மாமா இதுல வரக் கூடாது", "சித்தப்பா இதுல வரக் கூடாது" என்றிருக்கிறார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, "நல்லது, ஆரம்பிச்சாச்சு," என்று அதையே ஒப்பந்தத்தின் முதல் ஷரத்தாக எழுதிக்கொண்டார். மற்றவையெல்லாம் பல சந்திப்புகளில், அழுகையும் கோபமுமாக, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நாமக்கல்லில் தனியாக வாடகை வீடு. மேகலாவுக்கு மறுபடி ஆஸ்பத்திரி வேலை. எந்த முடிவானாலும் முதலில் மனைவிக்கு, பிறகு அம்மாவுக்கு. வாரம் ஒருநாள் இரண்டு பேரும் ஜேடர்பாளையம்.

எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில் நான். பெயர் போட்டால் மரியாதையாக இருக்காது என்று 'மேற்படி உறவினர்' என்று குறித்திருந்தார்கள். 'இரு தரப்பாரும் தங்களுக்குள் எழும் எந்தக் கருத்து வேறுபாட்டையும் மேற்படி உறவினரிடம் கொண்டு செல்வதில்லை.' அன்றிலிருந்து உறவில் எனக்கு மேற்படியார் என்றே பெயர். கல்யாண மண்டபங்களில், "மேற்படியாருக்கு எலை போடுங்க" என்பார்கள். போட்டுவிட்டு, கை நனைக்கிற வரை யாராவது ஒருவர் எதிரே நின்று உறுதி செய்துகொண்டுதான் நகர்வார்கள்.

மற்ற ஷரத்துகளை அவ்வப்போது மீறாமலும் இல்லை. பிரபு ஒருமுறை யாரிடமும் சொல்லாமல் பத்து நாள் வடக்கே போய்விட்டு வந்தான். மேகலா ஒரு தடவை மூட்டை கட்டினாள், புதுச்சத்திரம் வரை போய் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினாள். சேலத்து வக்கீல் அம்மாவிடம் மறுபடி ஒரு முறை போய் உட்கார்ந்தார்கள். முதல் ஷரத்தை மட்டும் இன்று வரை இருவரில் ஒருவர்கூட மீறியதில்லை.

போன மாதம் நாமக்கல்லில் வேறு வேலையாகப் போனவன், அவர்கள் வீட்டுப் படியேறினேன். பாதிப் படியிலேயே சத்தம் கேட்டது. நல்ல சண்டை. "உங்ககிட்டச் சொன்னா..." என்று இவள் குரலும், "நீ மட்டும் எங்கிட்ட..." என்று அவன் குரலும் தெருவரை வந்தன. திரும்பிவிடலாமா என்று நினைத்தேன், வந்தது வந்தாயிற்று என்று மணியை அழுத்தினேன்.

கதவு திறந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு, போட்டோவுக்கு நிற்கிறமாதிரி நின்றார்கள்.

"ஒண்ணுமே இல்லீங்க மாமா," என்றாள் மேகலா, நான் எதுவும் கேட்காமலே.

"நல்லா இருக்கோமுங்க சித்தப்பா," என்றான் பிரபு.

வீட்டுக்கு வந்து இதை ஈஸ்வரியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"மாசம் ஒருக்கா போய் நின்னுட்டு வாங்க," என்றாள். "அந்தக் குடும்பம் நல்லா இருக்கோணும்."